தலைக்கு மேல் தொங்கும் பெயர்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் ஒரு ஆர்பி சர்வரில் (ரோல்ப்ளே, அதாவது கேரக்டராகவே பேசி நடித்து ஆடுகிற இடம்) விளையாடுகிறேன். என் கேரக்டர் ஸ்டார்ம்விண்ட் நகரில் மூலிகை விற்பவள், ஆறு மாதமாக எல்லோருக்கும் தெரிந்த முகம். போன வாரம் ஒரு ராத்திரி அவள் முதல்முறையாக முகத்தை மறைத்துக்கொண்டு போய், கால்வாய் ஓரத்தில் காத்திருக்கும் ஒருவரிடம் ஒரு கடிதத்தைக் கொடுக்க வேண்டும். கறுப்பு அங்கி, முகமூடி, முக்காடு என்று இரண்டு வாரமாகத் தேடித்தேடிச் சேர்த்து வைத்திருந்தேன். பாலத்தைத் தாண்டுவதற்குள் எதிரே வந்த காவல்காரர் (அவரும் ஒரு ஆட்டக்காரர்தான்) நின்று, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், இரண்டு வார உழைப்பு போச்சு.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இந்தக் கேமில் ஒவ்வொரு கேரக்டரின் பெயரும்தான் தலைக்கு மேலேயே எழுதியிருக்கிறதே. ராஜா மாறுவேடத்தில் நகர்சோதனைக்குப் போகிற கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அந்த ராஜாவின் தலைக்கு மேல் ஒரு பெயர்ப்பலகை தொங்கினால் கதை எப்படி நகரும்? ஆட்டக்காரருக்குத் தெரிந்ததைக் கேரக்டர் பயன்படுத்தக் கூடாது, அதற்கு மெட்டாகேமிங் என்று பேர், ஆர்பி ஆடுகிற எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் கண் படித்துவிட்ட பெயரை மனசு படிக்காத மாதிரி நடிப்பது கஷ்டம், நல்ல ஆட்டக்காரர்களுக்கே கஷ்டம்.

இத்தனைக்கும் பழைய கேம்கள் இதை யோசித்திருந்தன. 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைனில் இன்காக்னிட்டோ என்று ஒரு மந்திரம் உண்டு, போட்டால் கொஞ்ச நேரத்துக்கு உருவமும் மாறும், பெயரும் மாறும். திருடர் சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு வேஷம் போடவே தனியாக ஒரு பெட்டி இருந்தது. வெறும் எழுத்தாலேயே ஓடும் மட் வகை கேம்கள் (1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் தொடங்கி வைத்தது) சிலவற்றில் இன்னும் அழகான ஒரு வழி உண்டு. ஆர்மகெடான் என்கிற மட்டில் எதிரே வருகிறவரின் பெயரே தெரியாது. 'தழும்பு விழுந்த உயரமான ஆள்' என்பது போல ஒரு வரிதான் தெரியும். அவர் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டால் அந்த வரியும் போய், முக்காடு போட்ட ஒரு உருவம் என்று மட்டும் வரும். பெயர் வேண்டுமென்றால் கேட்க வேண்டும். அவர் சொன்னால் உண்டு. பொய்ப் பெயரும் சொல்லலாம்! அங்கே பெயர் சொல்வதே ஒரு காட்சி, எத்தனையோ நட்பும் துரோகமும் அந்த ஒரு வரியில்தான் ஆரம்பிக்கும். என்னைக் கேட்டால் ஆர்பி கேம் எல்லாமே இப்படித்தான் இருக்க வேண்டும்.

நான் யார் என்பதை எப்போது, யாரிடம் சொல்வது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். கேரக்டருக்கு மட்டுமில்லை, கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கும் இது பொருந்தும். 2010 ஜூலையில், வார்கிராஃப்டை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனம் தன் விவாதப் பக்கங்களில் எழுதுகிறவர்களின் நிஜப் பெயரைக் காட்டப் போவதாக அறிவித்தது. ஆட்டக்காரர்கள் கொதித்துப் போனதில் சில நாளிலேயே அதைக் கைவிட்டார்கள். பெண்கள் பலர் எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் குரல் சாட்டில் நான் வாயைத் திறந்த அன்றிலிருந்து சிலர் பேசும் விதமே மாறியிருக்கிறது.

இதில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருகிறவர் இபெலின். நார்வேக்காரர், நிஜப் பெயர் மாட்ஸ் ஸ்டீன். தசைகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் டுஷென் நோய், சக்கர நாற்காலி. வார்கிராஃப்டின் ஆர்ஜன்ட் டான் சர்வரில் ஸ்டார்லைட் என்ற கில்டில் (ஆட்டக்காரர்களின் குழு) அவர் இபெலின் என்ற துப்பறிவாளர், நன்றாக ஓடுகிறவர். அந்த உலகத்தில் அவருக்கு ஓட்டம் பிடிக்கும், கூட யாரையாவது சேர்த்துக்கொண்டும் ஓடுவார். பல வருஷம் கில்டில் யாருக்கும் நோயைப் பற்றிச் சொல்லவில்லை. கடைசிக் காலத்தில், தானே விரும்பி, எழுதித் தெரிவித்தார். 2014-இல் 25 வயதில் இறந்தபோது, பிள்ளைக்கு நண்பர்களே இல்லை என்று வருந்திக்கொண்டிருந்த அப்பா அம்மாவுக்கு மெயில் மேல் மெயிலாக வந்தது. வேறு நாடுகளிலிருந்து சிலர் அடக்கத்துக்கே வந்தார்கள். முதல் நாளே அவர் தலைக்கு மேல் நோயின் பெயர் எழுதியிருந்தால், கூட ஓடினவர்கள் அதே மாதிரி ஓடியிருப்பார்களா? எனக்கு நம்பிக்கையில்லை.

சரி, என் கடிதத்துக்கு வருகிறேன். டோட்டல் ஆர்பி 3 என்ற ஆட்-ஆனில் (கேமோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்) கேரக்டருக்கு இன்னொரு ப்ரொஃபைல், அதாவது அறிமுகக் குறிப்பு, போட்டுக்கொள்ளலாம், பெயர் இருக்கும் இடத்தில் 'முகமூடி போட்ட பெண்' என்று எழுதி வைத்தேன். ஆட்-ஆன் இல்லாதவர்களுக்குப் பழைய பெயர்தான் தெரியும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. நேற்று ராத்திரி அதே பாலத்தில் அதே காவல்காரர். ப்ரொஃபைலைப் பார்த்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் நின்றார். அப்புறம், "யாரம்மா நீ? முகத்தைக் காட்டு" என்று டைப் செய்தார்.

எனக்குக் கை நடுங்கியது. "வழிப்போக்கி ஐயா, முகத்தில் தீக்காயம், பார்க்க நன்றாக இருக்காது" என்றேன். அவர் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு வழிவிட்டார்.