சாவியை யாரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவது?

ஒரு மே மாத விடுமுறைக்கு விடியற்காலை திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை தாண்டி, தூங்கிவிழும் இரண்டு பிள்ளைகளோடு கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனை பக்கத்து எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. அயனிப் பலகையில் அப்பா பார்த்துப் பார்த்துச் செய்த கதவு. கோடைமழையில் உப்பி நிலையோடு இறுகிக் கிடந்தது. தோளால் இரண்டு இடி இடித்தேன். கதவு திறந்தது, கூடவே மேல்நிலையின் இடுக்கிலிருந்து கடுகு கொட்டியது போல வண்டு கொட்டியது, தலையில், சட்டைக்குள், பெட்டியின் மேல்.

ரப்பர் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, நடுவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: தை, மாசியில் ரப்பர் மரம் இலை கொட்டும். அந்தச் சருகுக்குள் இந்தக் கறுப்பு வண்டு வளரும். முதல் கோடைமழை விழுந்ததும் ஈரமில்லாத இடம் தேடி கூட்டமாக வீட்டுக்குள் வந்து, ஓட்டு இடுக்கிலும் கதவிடுக்கிலும் ஒண்டிக்கொள்ளும். ராத்திரி விளக்கு வெளிச்சம் கண்டால் ஆயிரக்கணக்கில் வரும். நசுக்கினால் நாற்றம், தோலில் பட்டால் எரிச்சல். ஆள் இருக்கும் வீட்டில் சாயங்காலமே விளக்கை அணைத்து, காலையில் பெருக்கி அள்ளி, எப்படியோ சமாளிப்பார்கள். பூட்டிய வீட்டில் அவற்றை யார் கேட்பது? அன்று இரண்டு வாளி அள்ளினோம். பிள்ளைகள் அன்றிரவு பக்கத்து வீட்டில்தான் தூங்கினார்கள்.

நான் மஸ்கட்டில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். 2019-ல் அம்மா இறந்துபோனதிலிருந்து வீடு பூட்டித்தான் கிடக்கிறது. இந்த இடைவெளியில் நான் செய்த தப்புகளையும் பிறகு கற்றுக்கொண்டதையும் எழுதி வைக்கலாம் என்று பார்க்கிறேன். நம்ம பக்கத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் இப்போது ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், போனில் கேட்பதெல்லாம் டைல்ஸ் எங்கே வாங்கின, மாடிக்கு எவ்வளவு ஆச்சு என்றுதான். அது அவ்வளவு பெரிய விஷயமில்லை மக்களே. சாவியை யாரிடம் கொடுக்கப் போகிறாய் என்று முதலில் சொல்.

நான் சித்தப்பாவிடம் கொடுத்தேன். சொந்தச் சித்தப்பா, நல்ல மனுஷர், வீடு கூப்பிடு தூரத்தில். சம்பளம் என்ற பேச்சை எடுத்தாலே முகம் கோணும் என்று தெரிந்ததால் எடுக்கவில்லை, வரும்போது ஒரு வேட்டி, ஒரு சென்ட் பாட்டில், அவ்வளவுதான். கொரோனாவில் இரண்டு வருடம் வர முடியவில்லை. 2021 கடைசியில் வந்து திறந்தால் ஹால் முழுக்க ரப்பர் ஷீட் வாடை. அந்த வருடம் நவம்பர் மழை எப்படிப் பெய்தது, குழித்துறை ஆறு எப்படி ஓடியது என்று உங்களுக்கே தெரியும், ஷீட்டை உலர்த்த அவருக்கு வேறு இடமில்லை, என் ஹாலில் கொடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அதில் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் மாடிக் குளியலறையில் பைப்பு ஒழுகி, கீழே படுக்கையறைச் சுவர் முழுக்கப் பூசணம் ஏறியிருந்ததே, அதை ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்கவேண்டும் என்று நாக்கு வரை வந்தது. கேட்க முடியவில்லை. காசு வாங்காமல் செய்கிறவரிடம் கணக்குக் கேட்க முடியாது. அவரும், நீ அங்க கிடந்து கஷ்டப்படுத, இதச் சொல்லி எதுக்கு விசாரப்படுத்தணும்னு நெனச்சேன் கேட்டியா, என்று தானாகவே சொன்னார். பாசத்தால் சொல்லாமல் விட்ட ஒழுகலுக்கு எனக்கு ஆன செலவு எண்பதாயிரம்.

அதன்பிறகு சாவி கைமாறியது. பக்கத்து வீட்டு மைனிக்கு மாதம் மூவாயிரம், ஒன்றாம் தேதி கணக்கில் விழுந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள், என்ன செய்யவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். எல்லா ஜன்னலையும் திறந்து ஒரு மணி நேரம் விடவேண்டும். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓட்டவேண்டும், மாதக்கணக்கில் ஓடாத மோட்டார் இறுகிப்போகும், பிறகு மிஸ்திரியைக் கூப்பிட்டுக் கழற்றவேண்டும். எல்லாக் கழிவறையிலும் தண்ணீர் ஊற்றவேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை: பீங்கானின் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் செப்டிக் டேங்கின் வாயுவைத் தடுக்கிறது, ஆள் இல்லாத வீட்டில் அது கொஞ்சங்கொஞ்சமாக வற்றிப்போகும், அப்புறம் நாற்றமும் கரப்பானும் நேராக வீட்டுக்குள். தரையிலிருக்கும் தண்ணீர் போகும் ஓட்டைக்கும் இதே கதைதான். கடைசியாக ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டும், பேச்சே தேவையில்லை, சுவரை மெதுவாகக் காட்டினால் போதும்.

சித்தப்பாவுக்கு வருத்தம் வராமலா இருக்கும். "ஏன்லே, நான் உன் சாவிய முழுங்கிருவனா?" என்று கேட்டார். நேரில் போய், வீட்டில் உட்கார்ந்து, மைனிக்குக் காசு கொடுத்துச் செய்யச் சொல்லியிருக்கிறேன், விளையில் விழும் தேங்காயும் நல்லமிளகும் உங்களுக்குத்தான், விளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். போனில் சொல்லியிருந்தால் உறவு முறிந்திருக்கும். இன்னொரு சாவி ஒன்று அவரிடமே இருக்கிறது, அதைத் திரும்பக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

அடுத்தது மழை. நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, ஒரே வருடத்தில் இரண்டு தடவை வீடு நனையும். ஆகவே மொட்டைமாடிச் சருகை வாரி, தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைத் துப்புரவாக்கும் வேலையும் இரண்டு தடவை, மே நடுவில் ஒன்று, செப்டம்பர் கடைசியில் ஒன்று. ஒரு தேக்கிலை போதும் குழாயை அடைக்க. கான்கிரீட் வார்ப்பு மேல் தண்ணீர் தேங்கித் தேங்கி உள்ளே ஊறினால் கம்பி துரு ஏறி, அடியில் சிமென்ட் பாளம் பாளமாக உதிரும். பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும், ஒரு மட்டை விழுந்து ஒரே ஒரு ஓடு நகர்ந்தாலும் அடுத்த வருடம் ஓட்டைத் தாங்கும் கழுக்கோல் உளுத்திருக்கும். நூறு ஓடு வாங்கி வீட்டின் பின்பக்கம் அடுக்கி வையுங்கள், பழைய அளவு ஓடு இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை.

மரம் விஷயத்தில் இரக்கம் பார்க்காதீர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் எப்படிச் சாய்ந்தன என்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக் கிழக்குப் பக்கத்து அயனி, தாத்தா வைத்தது, மாடித் திண்ணை மேல் விழுந்தது. அம்மா அடுக்களையில் இருந்ததால் தப்பித்தார். நாள் கணக்கில் கரண்டு இல்லை, போன் இல்லை, நான் மஸ்கட்டில் உட்கார்ந்து பைத்தியம் பிடித்தவன் போல எல்லோருக்கும் அடித்துக்கொண்டிருந்தேன். சாய்ந்தால் வீட்டைத் தொடும் மரம் எதுவானாலும், தென்னையே ஆனாலும், நீங்கள் ஊரில் இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். மொட்டைமாடி மேல் தகரக் கூரை போட்டிருப்பவர்கள் வெறும் கொக்கி ஆணியை நம்பவேண்டாம், காற்று அடியில் புகுந்து தூக்கும்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவதா வேண்டாமா என்று கேட்பார்கள். மோட்டாருக்கும் வாசல் விளக்குக்கும் கேமராவுக்கும் தனி லைன் பிரித்துவிட்டு மற்றதை அணையுங்கள், நம்ம பக்கத்து இடிக்கு அதுதான் நல்லது. கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முன்பணமாகக் கட்டி வைத்தால் மறந்துபோகும் பயமில்லை. மீட்டர் கேட்டுக்கு வெளியிலிருந்து தெரியும்படி இருக்கட்டும். வீட்டு வரியையும் இணையத்தில் கட்டலாம், ரசீதைச் சேமித்து வையுங்கள். போகும்போது காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் விவரத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

காகிதத்துக்கு வருகிறேன், இதில்தான் நம்ம ஆட்கள் மொத்தமாகக் கோட்டை விடுவது. எங்கள் விளையின் பழைய ஆதாரம், அதாவது பத்திரம், மலையாளத்தில் இருக்கிறது, தேதி கொல்லம் ஆண்டு 1112, அதாவது 1936-37. நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-ல்தானே, அதற்கு முந்தைய பத்திரம் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே படிக்கச் சொல்லி, தமிழில் எழுதி வாங்கி வையுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இணையத்தில் இன்றே பாருங்கள். எங்கள் பட்டாவில் தாத்தா பெயரோடு இன்னும் மூன்று பேர் கூட்டாக இருந்தார்கள், அதில் இரண்டு பேர் உயிரோடு இல்லை. வாரிசுச் சான்று வாங்கி, அளந்து, உட்பிரிவு செய்து என் பெயருக்கு வர இரண்டு விடுமுறை முழுசாகப் போயிற்று. பதிவுத்துறை தளத்தில் வருடத்துக்கு ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள், ஆனால் பதிவாகாத எதுவும் அதில் வராது. நகர்கிற கையாலையும், அதாவது விளையின் எல்லைச் சுவரும், அதில் வராது. மழையில் இடிந்த கையாலையைப் பக்கத்து விளைக்காரர் நல்ல மனசோடு கட்டிக் கொடுப்பார், ஒரு அடி இந்தப் பக்கமாக. ஆகவே கல் போட்டு, அந்தக் கல்லைப் போட்டோ எடுத்து வையுங்கள், மைனியின் வீடியோவிலும் அந்த மூலை தவறாமல் வரட்டும்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு பக்கத்து ரப்பர் விளையையும் வாங்கிப் போடலாம் என்று நினைப்பவர்களுக்கு: வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பரம்பரையாக வந்ததை வைத்துக்கொள்ளலாம், விற்றால் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்கவேண்டும். புரோக்கர் சொல்ல மாட்டார். நம் ஊரில் வீட்டுமனை என்று விற்பதில் பாதி இன்னும் பதிவேட்டில் நஞ்சை, புஞ்சை என்றுதான் கிடக்கும், சென்டுக்கு விலை பேசும் முன்பே அதைப் பாருங்கள்.

பவர், அதாவது நமக்குப் பதிலாக இன்னொருவர் செயல்பட அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுப்பது பற்றி ஒன்று. வரி கட்ட, இ.பி. அலுவலகம் போக, பட்டா மனு கொடுக்க என்று வேலையைப் பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சும்மா ஒரு வரியில் சேர்த்துக் கொடுக்காதீர்கள், தம்பியாகவே இருந்தாலும். அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கியது, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்படவேண்டும், தபாலில் அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

சும்மா கிடக்கிறதே, வாடகைக்கு விட்டால் என்ன? விடலாம், ஆள் இருந்தால் வீட்டுக்கு நல்லதுதான். வாடகை பொதுவாக என்.ஆர்.ஓ. கணக்குக்கு, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்துக்கென்று வைக்கும் வங்கிக் கணக்குக்கு, வரும், எவ்வளவு சின்ன வாடகையானாலும் குடியிருப்பவரே வரி பிடித்துக் கட்டவேண்டும், இந்தக் கணக்கைக் கேட்டதும் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். ஒத்திக்குக் கேட்டு வருவார்கள். மொத்தமாக ஒரு தொகை கையில் வரும், வாடகை கிடையாது, கேட்க இனிமையாக இருக்கும். அந்தத் தொகையை வங்கியில் தொடாமல் போட்டு வைக்கும் மனசு இருந்தால் மட்டும் செய்யுங்கள், அதுவும் பதிவு செய்து. நம் ஆட்கள் அதை வாங்கி மாடி கட்டுவார்கள், தவணை முடிகிற நாளில் திருப்பிக் கொடுக்கப் பணம் இருக்காது, குடியிருப்பவர் நகர மாட்டார், அவர் மேல் குற்றமும் இல்லை.

இன்னும் கட்டாதவர்களுக்கு ஒன்றே ஒன்று. நான் 2,800 சதுர அடி கட்டினேன், நாலு குளியலறை. வருடத்தில் முப்பது நாள் இருக்கிற வீட்டுக்கு நாலு குளியலறை எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் ஐந்து கட்டியிருந்தார். இப்போது மாடியை முழுசாக அடைத்துப்போட்டுக் கீழே இரண்டு அறையில்தான் புழங்குகிறோம். பீரோவும் கட்டிலும் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிக் கிடக்கின்றன, கறையான் ஏறினால் கண்ணில் படட்டும் என்று.

நேற்று ராத்திரி மைனியின் வீடியோ வந்தது. படுக்கையறைச் சுவர் காய்ந்திருக்கிறது, மூலைக்கல் இருந்த இடத்தில் இருக்கிறது. கடைசியில் போனைத் திருப்பி முற்றத்துப் பலாவைக் காட்டினார். "சக்கை மூணெண்ணம் பழுத்து நிக்கு, அணில் தொளைக்க முன்ன சொல்லு, என்ன செய்யணும்?" ஒன்று உங்களுக்கு, இரண்டு சித்தப்பா வீட்டுக்கு, நான் கொடுத்தனுப்பியதாகச் சொல்லுங்கள் என்று பதில் போட்டேன்.