வெள்ளிக்கம்பியால் வரைந்த ஆறு வாரங்கள்

நிலையாமையை வரைந்து பார்க்க வேண்டும் என்று தொடங்கியபோது, மண்டையோடு, மணற்கடிகாரம், அணைந்த மெழுகுவத்தி ஆகியவற்றை வைத்து 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் தீட்டிய வானிடாஸ் படங்களைப் பின்பற்றவே எண்ணியிருந்தேன். இரண்டு முயற்சிகளோடு அதைக் கைவிட்டேன். பொம்மைக் கடையில் வாங்கியது போன்ற அந்த மண்டையோடு யாருடையதாகவும் தோன்றவில்லை. அதன்பின் ஒரு மாதுளம்பழத்தை மேசைமேல் வைத்து, அது காயக் காய, வாரம் ஒரு முறை, பென்சிலுக்குப் பதில் வெள்ளிக்கம்பியால் வரைவதென்று முடிவு செய்தேன்.

வெள்ளி வெறும் தாளில் சரியாகப் பதியாது. சற்றே சொரசொரப்பான வெண்பூச்சு அதற்கு வேண்டும். பழைய இத்தாலிய ஓவியர்கள் எலும்பை வெண்ணீறாகும்வரை எரித்துப் பொடித்து இப்பூச்சில் சேர்த்தார்கள் என்று அறிந்த அன்று, நெடுநேரம் வேலையில் கை ஓடவில்லை. நான் பூசியது வெள்ளை குவாஷ் எனும் ஒளிபுகா நீர்வண்ணம். முதல் தாளில் பூச்சு தடித்துப் போனதால் கம்பி அதைக் கீறிப் பெயர்த்துவிட்டது. நீர் கூட்டி, ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றாக மூன்று மெல்லிய பூச்சுகள் கொடுத்தபோதே கோடு வழுக்கிக்கொண்டு வந்தது. இக்கோட்டை ரப்பரால் அழிக்க இயலாது, அழுத்தினாலும் கருமை பெரிதாகக் கூடாது. நிழல் வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகளைப் பொறுமையாக அடுக்க வேண்டும்.

மூன்றாம் வாரத்தில் பழத்தின் தோல் உள்வாங்கி விளிம்புகள் எழுந்தன. ஆறாம் வாரத்தில் அது மரக்கட்டை போல் இறுகியிருந்தது, மேலுள்ள கிரீடம் போன்ற முடி மட்டும் அப்படியே இருந்தது. அதற்குள் முதல் படத்தின் சாம்பல் நிறக் கோடுகளும் பழுப்பேறத் தொடங்கியிருந்தன, ஏனெனில் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியை மெல்ல நிறம் மாற்றுகின்றன. பழத்தோடு படமும் மூப்படைவதைக் கண்டபோது எனக்கு வருத்தத்தைவிட அவசரமே மிகுந்தது.

ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 13 வயதில், 1484இல், தம் முகத்தை இதே போன்ற வெள்ளிமுனையால் வரைந்தவர். அவரே 1514இல் தம் 63 வயதுத் தாயைக் கரித்துண்டால் வரைந்தார். அடுத்த சில வாரங்களில் தாய் இறந்துவிட, அச்செய்தியையும் அதே தாளில் மையால் எழுதிச் சேர்த்தார். அந்தத் தாளைப் பற்றி எண்ணியபின் என்னால் மாதுளையோடு நிற்க முடியவில்லை.

கடந்த ஞாயிறன்று அம்மாவின் இடக்கையை வரைந்தேன். இரண்டு மணி நேரம் அருகில் அமர்ந்திருந்தபோதுதான், கட்டைவிரலின் அடியில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு இருப்பதை இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாகப் பார்த்தேன். அது எப்படி வந்தது என்று கேட்டேன்; நான் பிறப்பதற்கு முந்தைய ஒரு முழு வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே போனார், நானும் பல இடங்களில் கம்பியைக் கீழே வைத்துவிட்டேன். ஆகவே சுண்டுவிரல் முடியாமலே நிற்கிறது.

அடுத்த ஞாயிறன்று வலக்கையை வரையவிருக்கிறேன். அதற்கான தாளில் இரண்டு பூச்சுகள் உலர்ந்துவிட்டன. மூன்றாவதை நாளை காலை பூச வேண்டும்.