வீட்டுக் கூட்டத்துக்குப் பிளேன்ரீ போதும்

வீடு வீடாக முறைவைத்துக் கூடி ஜெபிக்கிற வீட்டுக் கூட்டம் ஏன் நின்றுபோனது என்று ஒரு கிறிஸ்தவ சபையில் கேட்டால், "ஆக்களுக்கு ஆர்வம் குறைஞ்சிட்டுது" என்பார்கள். பல இடங்களில் காரணம் ஆர்வக் குறைவு அல்ல, றோல்ஸ். முதல் வீட்டில் பிளேன்ரீயும் (பால் விடாத தேத்தண்ணி) பிஸ்கட்டும். இரண்டாவது வீட்டில் கடலை வடை. மூன்றாவது வீட்டில் மகன் கனடாவில். அங்கே மீன் றோல்ஸ், பற்றிஸ், பட்டர் கேக், பால் தேத்தண்ணி. நாலாவது வீட்டு அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். "இந்த மாசம் ஏலாது, அடுத்த மாசம் பாப்பம்" என்பார். அடுத்த மாதமும் அதையே சொல்லுவார். அதற்குப் பிறகு மற்ற வீட்டுக் கூட்டங்களிலும் அவரைக் காணமாட்டீர்கள். தன் வீட்டுக்குக் கூப்பிட முடியாதவர் மற்றவர் வீட்டில் போய்ச் சாப்பிடக் கூச்சப்படுவார்.

உவர்மலை, பாலையூற்று, அன்புவழிபுரம், உப்புவெளி என்று திருகோணமலையில் எந்தப் பக்கம் போனாலும் இதுதான் நிலை. கத்தோலிக்கர் அன்பியம் என்பார்கள், மற்றச் சபைகளில் வீட்டு ஜெபக் கூட்டம். ஒக்டோபரில் மாதா சுருவம் வீடு வீடாகப் போகிறபோதும் செபமாலை முடிய இதே சிற்றுண்டிப் போட்டி நடக்கும்.

ஆகவே முதல் கூட்டத்திலேயே ஒரு சட்டம் போட வேண்டும்: எந்த வீடானாலும் பிளேன்ரீயும் ஒரு பக்கற் பிஸ்கட்டும், அவ்வளவுதான். அந்தச் சட்டத்தை வசதியுள்ள வீட்டுக்காரர் வாயால் சொல்லவைத்தால் நல்லது. ஏழை வீட்டார் சொன்னால் அது முறைப்பாடு மாதிரிக் கேட்கும்.

15 பேருக்கு, ஆளுக்கு 150 மில்லிலீற்றர் என்று பார்த்தால் இரண்டேகால் லீற்றர் வரும். இரண்டரை லீற்றர் தண்ணீர் வையுங்கள். தேயிலைத் தூள் 30 கிராம், பெருவிரல் அளவு இஞ்சி தட்டிப் போட்டது. தூளைப் போட்டுக் கொதிக்கவிடாமல், இறக்கி மூடி நாலைந்து நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். சீனியைக் கலக்கக் கூடாது. சீனி வருத்தக்காரர் இல்லாத கூட்டம் இங்கே கிடையாது. "எனக்குச் சீனி போடாமல்" என்று சபை நடுவில் சொல்லப் பலருக்குப் பிடிக்காது. சீனியைத் தனியாக ஒரு கோப்பையில் வைத்துவிடுங்கள், அல்லது பனங்கட்டித் துண்டு.

இதையெல்லாம் கூட்டம் தொடங்க முதலே செய்து இரண்டு பிளாஸ்க்கில் ஊற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் என்ன நடக்கும்? ஜெபம் தொடங்கியதும் வீட்டுக்கார அம்மா எழும்பிக் குசினிக்குப் போவார். தன் பிள்ளையின் சோதனைக்காகச் சபை ஜெபிக்கிற நேரத்தில் அவர் கோப்பை கழுவிக்கொண்டிருப்பார். எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டுப் பெண்தான் கூட்டத்தில் இல்லாமல் போகிறார். பிளாஸ்க்கால் தீர்கிற விசயம் இது.

எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி. மெதடிஸ்தர்களிடம் இதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1742இல் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் ஆட்கள் மண்டபம் கட்டிய கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று வைத்தார்கள். 12 பேருக்கு ஒருவர் பொறுப்பு. காசு வாங்க வீடு வீடாகப் போனபோதுதான் எந்த வீட்டில் என்ன குறை என்று தெரியவந்தது. கடன் தண்டப் போன பிரிவு அப்படியே வகுப்புக் கூட்டம் என்கிற சின்னக் குழுவாகிவிட்டது. 1814இல் இலங்கையில் வந்து இறங்கிய மெதடிஸ்த மிசனரிமார் அந்த வழக்கத்தில் வளர்ந்தவர்கள். இன்றைக்கும் 12 நல்ல எண்தான். எங்கள் வீடுகளின் முன்ஹோலில் அதற்குமேல் கதிரையும் போட ஏலாது. 15 தாண்டினால் மூன்று பேர் கதைப்பார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். அப்போது பிரித்துவிடுங்கள். ஆனால் எந்த ஒழுங்கையில் வீடு என்று பார்த்துப் பிரியுங்கள், சொந்தம் பார்த்துப் பிரியாதீர்கள். சொந்தக்காரர் மட்டும் கூடினால் அது குடும்பக் கதையில்தான் முடியும்.

நாளைத் தெரிவு செய்வதில் பலர் கவனிக்காத ஒன்று நிலவு. "வெள்ளி இரவு ஏழு மணி" என்று போட்டால் அலுவலகக்காரருக்கு வசதி. இரவுத் தொழிலுக்குப் போகிற வீட்டு ஆண்கள் அந்த நேரம் கடலில் நிற்பார்கள், கூட்டத்தில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும் இருப்பார்கள். பூரணையை ஒட்டிய நாட்களில் நிலவு வெளிச்சத்தால் மீன் குறைவு. பலர் வள்ளம் இறக்கமாட்டார்கள். பூரணை நாளான போயா அரசாங்க விடுமுறையும்கூட. மாதம் ஒரு கூட்டம்தான் முடியும் என்றால் போயா பின்னேரத்தை எடுங்கள். தெருவிளக்கு இல்லாத ஒழுங்கையிலும் வயதானவர்கள் நிலவில் நடந்து போவார்கள். நவம்பர், டிசம்பர் மழையில் நிலவை நம்ப முடியாது. அந்த மாதங்களில் தண்ணீர் நிற்காத மேட்டு வீடு ஒன்றை முதலே பேசி வையுங்கள்.

கதிரையை வட்டமாகப் போடுங்கள். சிலர் பாயிலும் சிலர் கதிரையிலும் இருப்பது முழங்கால் வருத்தத்தைப் பார்த்து இருக்கட்டும், தகுதி பார்த்து வேண்டாம். வாசிக்கிறவர் பக்கம் விளக்கு. நுளம்புத்திரி வாசலில்.

வேதவாசிப்பில் இடறுகிற இடம் ஒன்று இருக்கிறது. "ஆளுக்கு ஒரு வசனம் வாசிப்பம்" என்று சுற்றிவிடுவார்கள். கண்ணாடி கொண்டுவராதவரும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவரும் தங்கள் முறை நெருங்க நெருங்க வியர்ப்பார்கள். அடுத்த முறை வரமாட்டார்கள். வாசிக்க இரண்டு பேரை முதல் நாளே கேட்டு வைத்தால் போதும். இரண்டாவது சங்கடம் மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர் கையில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, மற்றவர் கையில் பழைய மொழிபெயர்ப்பு. கலப்புத் திருமணம் செய்த வீட்டில் இரண்டும் ஒரே அலுமாரியில் இருக்கும். ஒருவர் வாசிக்க மற்றவர் தன் புத்தகத்தில் தேடித் தடுமாறுவார். அதை இடைஞ்சலாகப் பார்க்காமல் இரண்டையும் வாசிக்க விடுங்கள். அப்போஸ்தலர் 2:42ஐ எடுத்துப் பாருங்கள். முதல் விசுவாசிகள் எதிலே உறுதியாக நின்றார்கள்? பழையதில் "அந்நியோந்நியத்திலும்" என்று இருக்கிறது, புதியதில் "நட்புறவிலும்". நாங்கள் பேச்சில் ஐக்கியம் என்கிறோம். அந்நியோந்நியம் என்ற சொல்லைப் புருசன் பெண்சாதிக்குத்தான் இப்போது சொல்லுவோம். அதை ஒரு சபைக்குப் போட்டிருக்கிறார்கள். இதைப் பற்றியே அரை மணித்தியாலம் கதைக்கலாம்.

கூட்டம் நடத்துகிறவர் சின்னப் பிரசங்கம் செய்யக் கூடாது. "இந்தப் பகுதி உங்களுக்கு என்ன சொல்லுது?" என்ற கேள்வியும் வேலைக்கு ஆகாது, "அன்பாயிருக்க வேணும்" என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லி முடிப்பார்கள். கையால் தொடக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்: அதே வசனத்தில் வருகிற அப்பத்தை யார் வீட்டில் பிட்டிருப்பார்கள்? மாவுக்குக் காசு யார் கொடுத்திருப்பார்கள்? பிறகு 1 கொரிந்தியர் 11:21ஐ வாசியுங்கள். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் அங்கே கொரிந்து நகரச் சபையோடு சண்டை பிடிக்கிறார். வசதியுள்ளவர் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிட, இல்லாதவர் பார்த்துக்கொண்டு நின்ற இடம் அது. கொரிந்துவிலும் றோல்ஸ்தான் பிரச்சினை.

ஜெப விண்ணப்பம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான பகுதி. "இன்னாருடைய மகளுக்குக் கலியாணம் குழம்பிப் போச்சு, ஜெபிப்பம்" என்று ஒருவர் சொன்னால், ஜெபம் முடிய முதலே செய்தி சந்தைக்குப் போய்விடும். மற்றவருடைய விசயத்தை அவர் அனுமதியில்லாமல் சொல்லக் கூடாது. "ஒரு குடும்பத்துக்காக" என்றால் கடவுளுக்கு விளங்கும். வட்ஸ்அப் குழுவில் நோயாளியின் ஸ்கேன் அறிக்கையைப் படம் எடுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். குழுவில் நேரமும் இடமும் மட்டும் போடுங்கள். மற்றதை வாயால் சொல்லுங்கள்.

காசைப் பற்றிச் சுருக்கமாக. காணிக்கையை இரண்டு பேர் எண்ணி, ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் காசில் யாருக்கும் கடன் இல்லை. உதவி என்றால் திருப்பிக் கேட்காத உதவி. கூட்டத்துக்குள் சீட்டுப் பிடிக்க விடாதீர்கள். ஒருவர் சீட்டை எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்டால் இரண்டு குடும்பமும் சபைக்கே வராது.

செத்த வீடு வந்தால் கூட்டத்தின் பலம் தெரியும். யார் எதைப் பார்ப்பது என்று முதலே பிரித்திருக்க வேண்டும். மரணம் வீட்டில் நடந்திருந்தால் ஒருவர் ஜி.எஸ்.ஸிடம் (கிராம சேவகர்) போய் அறிக்கை எடுத்து மரணப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். ஒருவர் குருவானவரோடு அடக்க நேரம் பேச வேண்டும். ஒருவர் கதிரையும் பந்தலும். வீட்டாருக்குச் சாப்பாடு இரண்டு வீட்டுப் பொறுப்பு. எல்லோரும் முதல் நாளே சோறு கொண்டுவந்து கொட்டி, மூன்றாம் நாள் ஒருவரும் எட்டிப் பார்க்காமல் விடுவது வழமை. ஆகவே நாளையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

இரண்டு முறை தொடர்ந்து வராதவர் வீட்டுக்கு இரண்டு பேர் போக வேண்டும், மூன்றாவது கூட்டத்துக்கு முதலே. "ஏன் வரேல்ல?" என்று தொடங்கக் கூடாது. சுகம் விசாரித்து, அவர் சொல்வதைக் கேட்டு, கேட்டால் மட்டும் ஒரு சின்ன ஜெபம். 20 நிமிடத்தில் எழும்பிவிடுங்கள். தேத்தண்ணி போட எழும்புவார், இருத்திவிடுங்கள். அங்கே பிளேன்ரீயும் வேண்டாம்.