ஆக்சிஜன் உணர்தலும் அயனிக் கால்வாய்களும்: தேர்வுக்கு எப்படிப் படிப்பது?

இந்தப் பகுதியைத் தொடங்கும்போதே நேரத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் குறைந்த சில நொடிகளில் நடப்பது அயனிக் கால்வாய்களின், அதாவது செல் சவ்வில் அயனிகளைக் கடத்தும் புரத வாயில்களின் வேலை. மணிக்கணக்கில் நடப்பது ஹிஃப் புரதம் மரபணுக்களை முடுக்கிவிடும் வேலை. கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல் கிடைத்தது இதற்குத்தான். மூச்சு ஏன் உடனே வேகமெடுக்கிறது என்ற கேள்விக்கு ஹிஃபை எழுதினால் மதிப்பெண் போச்சு.

உடனடி விடை இருப்பது கழுத்துத் தமனி கிளை பிரியும் இடத்தில், கரோட்டிட் பாடி என்ற ஆக்சிஜன் உணரும் சிறு உறுப்பில். அங்குள்ள குளோமஸ் செல்களில் ஆக்சிஜன் குறைந்ததும் பொட்டாசியம் கால்வாய்கள் அடைபடுகின்றன. 1988-இல் லோபெஸ்-பார்னியோ குழு பேட்ச் கிளாம்ப் முறையில் (கால்வாய் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் முறை) காட்டியது இதைத்தான். 'திறக்கின்றன' என்று மாற்றி எழுதிவிடுவது எளிது. அதனால் ஓர் அயனியின் உள், வெளிச் செறிவுகளிலிருந்து அதன் சமநிலை மின்னழுத்தத்தைத் தரும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். பொட்டாசியம் உள்ளே 140, வெளியே 5 மில்லிமோலார், வெப்பம் 37 டிகிரி என்றால் சமநிலை மின்னழுத்தம் ஏறத்தாழ −89 மில்லிவோல்ட். செல்லை அந்தப் பக்கம் இழுத்துப் பிடிப்பது பொட்டாசியக் கசிவு. கசிவு குறைந்தால் மின்னழுத்தம் நேர்ப்பக்கம் நகரும், கால்சியம் கால்வாய்கள் திறக்கும், வேதித்தூதர்கள் வெளியேறும், 9-ஆம் மூளை நரம்பு செய்தியை முகுளத்துக்குக் கொண்டுபோகும். இந்த வரிசையில் எந்தக் கண்ணியையும் விடாதீர்கள்.

வாய்மொழித் தேர்வில் அடுத்து வருவது, எந்தப் பொட்டாசியம் கால்வாய் என்பது. ஓய்வு நிலையிலும் திறந்திருக்கும் டாஸ்க் வகையை முதலில் சொல்லுங்கள். மின்னழுத்தம் ஏறினால்தான் பெரிதும் திறக்கும் கால்வாய், முதல் நகர்வைத் தொடங்கிவைத்தது என்று வாதிடுவது கடினம்.

கால்வாயே ஆக்சிஜனை உணர்கிறதா என்றும் கேட்பார்கள். செல்லிலிருந்து பிய்த்தெடுத்த சவ்வுத் துண்டில் டாஸ்க் கால்வாயின் ஆக்சிஜன் உணர்திறன் போய்விடுகிறது. சயனைடு மைட்டோகாண்ட்ரியாவை முடக்கும்போது ஆக்சிஜன் குறைவில்லாமலே அதே விளைவு கிடைக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லி, மைட்டோகாண்ட்ரியாவின் பக்கம் வாதத்தைக் கொண்டுபோங்கள். விவாதம் இன்னும் தீரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

கார்பன் மோனாக்சைடு நச்சில் ஒரு பொறி உண்டு. ஹீமோகுளோபினை அந்த வாயு பிடித்துக்கொண்டாலும் கரைந்த ஆக்சிஜனின் அழுத்தம் குறைவதில்லை. அதனால் கரோட்டிட் பாடி பெரிதாகத் தூண்டப்படாது.

செய்முறைக் கேள்வியில், செல்களின் மேல் ஓடவிடும் ஆக்சிஜன் குறைந்த கரைசலை வைத்தே ஆளை எடைபோடுவார்கள். தொட்டியில் நைட்ரஜனைக் குமிழவிட்டால் மட்டும் போதாது. சிலிக்கோன் குழாய் வழியே ஆக்சிஜன் மீண்டும் உள்ளே புகும். ஆகவே துருப்பிடிக்காத எஃகுக் குழாயைப் போட்டு, ஆக்சிஜன் அளவைச் செல்லுக்குப் பக்கத்திலேயே எடுக்க வேண்டும். பைகார்பனேட் கரைசலில் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு கலக்காவிட்டால் கரைசல் காரமாகிவிடும். டாஸ்க் கால்வாய் பி.எச். மாற்றத்துக்கும் அசைந்து கொடுப்பதால், கிடைத்த பதிவு எதைக் காட்டுகிறது என்றே சொல்ல முடியாது.