ஒப்பந்தத்தில் எங்களுக்கு ஒரு வரி

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கொழும்பில் கையெழுத்துப் போட்ட செய்தியை மண்டபம் அகதி முகாமில் ரேடியோவில் கேட்டோம். மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து அது மூன்றாம் வருடம். எனக்குப் பதினாறு வயது. 48 மணித்தியாலத்துக்குள் சண்டை நிற்கும் என்று சொன்னதுமே அம்மா தகரப் பெட்டியை இழுத்துத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

ஒப்பந்தத்தை நான் முழுதாக வாசித்தது பல வருடம் கழித்து. வடக்கு கிழக்கு இணைப்பு, 1988 டிசம்பர் 31க்குள் கிழக்கில் வாக்கெடுப்பு, ஆயுத ஒப்படைப்பு எல்லாம் அதில் உண்டு. கூடவே பரிமாறிய கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்ச் சேமிப்புக் குதங்களும் வருகின்றன. எங்களைத் தேடிப் பார்த்தேன். 2.16ஆம் பிரிவில் ஒரு வரி: இலங்கையிலுள்ள இந்தியப் பிரஜைகளை இந்தியாவுக்கு அழைத்துக்கொள்ளும் வேலையை இந்திய அரசு துரிதப்படுத்தும், அதே காலத்தில் தமிழ்நாட்டு அகதிகளும் திரும்புவார்கள். அந்த இந்தியப் பிரஜைகள், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியக் குடியுரிமை பெற்று, 1984இல் தலைமன்னார்-ராமேஸ்வரம் கப்பல் நின்றதால் போகமுடியாமல் கிடந்த தேயிலைத் தோட்டத்துச் சனம். எங்கள் வீடு திரும்பலையும் அவர்கள் மண்ணை விட்டுப் போவதையும் ஒரே வாக்கியத்தில் பூட்டியிருந்தார்கள். அவர்களையும் கேட்கவில்லை, எங்களையும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கப்பல் நிற்க முன் வந்த தோட்டத்துச் சனம் இறங்கித் தங்கியதும் இதே மண்டபம் முகாமில்தான். எங்கள் அறைச் சுவரில் யாரோ ஆணியால் ஒரு தோட்டத்தின் பெயரைக் கீறியிருந்தார்கள்.

திரும்பிப் போக விருப்பம் எழுதிக் கொடுக்கச் சொன்னபோது வீட்டில் பெரிய வாக்குவாதம். அக்டோபர் 10 முதல், ஒப்பந்தப்படி வந்திருந்த இந்திய ராணுவத்துக்கும் புலிகளுக்கும் யாழ்ப்பாணத்தில் போர் நடந்துகொண்டிருந்தது. "ஆமிதான் மாறியிருக்கு, சண்டை மாறேல்ல" என்றார் அப்பா. "எங்கட கிணத்துத் தண்ணியக் குடிச்சுச் சாவம்" என்றார் அம்மா. மூன்று நாள் கழித்து அப்பா கையெழுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் காகிதம். படிவங்களை நிரப்பியது நான். ஊர், விதானையார் (கிராம அலுவலர்) பிரிவு, வந்த திகதி, வந்தவர்கள் எத்தனை பேர். பெயர்களை வந்தபோது எழுதிய பதிவிலிருந்து எடுத்தார்கள். தங்கச்சி முகாமில் பிறந்தவள், அந்தப் பதிவில் அவள் இல்லை. ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டி, பிறப்புச் சான்றிதழ் எடுத்து, அவளைக் குடும்பத்தோடு சேர்க்க ஏழு வாரம் ஓடியது. அதற்குள் எங்கள் வரிசையில் பாதிப் பேர் போய்விட்டார்கள். பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழை முதலே வாங்கி வைத்தது மட்டும் என் கெட்டித்தனம்.

1987 டிசம்பர் கடைசியில் தொடங்கிய கப்பல் பயணங்களில் 1989 ஆகஸ்ட் வரை 25,000க்கும் மேற்பட்டவர்கள் திரும்பினார்கள். எங்கள் முறை 1988இல் வந்தது. தலைமன்னாரில் இறங்கியபோது காவலுக்கு நின்ற இந்தியச் சிப்பாய் ஒருவர் திருநெல்வேலிக்காரர். "எந்த கேம்ப்புங்க?" என்று கேட்டார். மண்டபம் என்றதும், "எங்க ஊர்ல மழையா?" என்று அடுத்த கேள்வி. அவருக்கும் வீட்டு நினைப்பு.

வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு இருந்தது. அம்மா முதல் வாளியை அள்ளித் தங்கச்சியின் தலையில் ஊற்றினார்.

1990 மார்ச் 24இல் இந்தியப் படையின் கடைசிக் கப்பல் போனது. ஜூனில் இலங்கைப் படைக்கும் புலிகளுக்கும் மறுபடி போர். ஆகஸ்டில் நாங்கள் மறுபடி வள்ளத்தில். மண்டபத்தில் பதிவு எழுதியவர், முன்பு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். அப்பா பழைய காகிதங்களை மேசையில் வைத்தார். பிறகு பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். இந்தமுறை தங்கச்சியின் பெயரைத்தான் முதலில் சொன்னார்.