பிளாஷ் மீட்டரிங்: வாய்மொழித் தேர்வுக்கு நான் படித்த விதம்

லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து பிளாஷ் எவ்வளவு வேண்டும் என்று கேமரா கணிப்பதுதான் டிடிஎல் பிளாஷ் மீட்டரிங். ஒளிப்படப் பாடத்தில் டிடிஎல், கேனானின் ஈ-டிடிஎல், ஈ-டிடிஎல் 2 என்று பெயர்களை மனப்பாடம் செய்து பயனில்லை. ஷட்டர் பொத்தானை அழுத்தியதும் கேமராவுக்குள் எதன்பின் எது நடக்கிறது என்று வரிசையாகப் படியுங்கள். எனக்குப் பாடம் பிடிபட்டது அப்படித்தான்.

கேனான் டிஎஸ்எல்ஆரையே பார்ப்போம். ஆட்டோஃபோகஸ் சென்சார் கேமராவின் அடிப்பகுதியில் இருக்கிறது. ஒளியை அளக்கும் சென்சார் மேலே, வியூஃபைண்டரின் பிரிசத்துக்கு அருகில். இரண்டும் வேறு வேறு. ஃபோகஸ் சென்சார் பிளாஷ் ஒளியை அளப்பதே இல்லை. எந்தப் புள்ளியில் ஃபோகஸ் பிடித்தது என்று மட்டும் சொல்கிறது. இருட்டில் பிளாஷிலிருந்து வரும் சிவப்புக் கதிரும் ஃபோகஸுக்குத்தான்.

லென்ஸ் வழியே வரும் ஒளியை மேலே திருப்பிவிடும் உள்கண்ணாடி, படம் எடுக்க எழுந்துவிட்டால் அளக்கும் சென்சாருக்கு ஒளி போகாது. அதனால்தான் அது எழுவதற்கு முன்பே பிளாஷ் ஒருமுறை லேசாக மின்னுகிறது, இதுதான் முன்மின்னல். திரும்பி வரும் ஒளியை அளந்து, படத்துக்கான பிளாஷ் எவ்வளவு என்று கேமரா முடிவு செய்கிறது. ஃபிலிம் டிடிஎல்லில் இது வேண்டியிருக்கவில்லை. ஃபிலிமில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படம் பதியும்போதே அளந்து, போதுமானதும் பிளாஷை நிறுத்திவிடும்.

தேர்வாளருக்குப் பிடித்த கேள்வி இனிதான் வருகிறது. 1995-இல் வந்த ஈ-டிடிஎல், ஃபோகஸ் புள்ளி இருக்கும் இடத்துக்கே அதிக முக்கியத்துவம் தந்தது. நடுப்புள்ளியால் முகத்தில் ஃபோகஸ் பிடித்து, கேமராவைத் திருப்பி, பொத்தானை முழுதாக அழுத்தினால் என்ன ஆகும்? முன்மின்னல் அடிக்கும் நேரத்தில் அந்தப் புள்ளி பின்னணியில் இருக்கும். பின்னணி தொலைவில் இருண்டு கிடந்தால் கேமரா பிளாஷைக் கூட்டும், முகம் வெளிறிப்போகும். அருகில் வெள்ளைச் சுவர் என்றால் முகம் இருண்டுவிடும். இந்தக் காரணத்தைச் சொன்னால் போதும், பாடம் புரிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

2004-இல் ஈ-டிடிஎல் 2, ஃபோகஸ் புள்ளியைச் சாராமல் அளந்து இந்த முடிச்சை அவிழ்த்தது. முன்மின்னலுக்கு முன்னும் அப்போதும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டு, காட்சியில் உள்ள முகம் பார்க்கும் கண்ணாடி, பளபளக்கும் பரப்பு போல ஒளியை அளவுக்கு மீறித் திருப்பும் பகுதிகளை ஒதுக்குகிறது. லென்ஸ் தரும் தூரக் கணக்கையும் பயன்படுத்துகிறது. பிளாஷைக் கூரைக்குத் திருப்பினால் அந்தத் தூரம் உதவாது, இதையும் கேட்பார்கள்.

செய்முறைக்கு எஃப்இஎல், அதாவது பிளாஷ் அளவை முன்கூட்டியே பூட்டும் வசதியைப் பழகுங்கள். வியூஃபைண்டரின் நடுவை முகத்தில் வைத்து எஃப்இஎல் பொத்தானை அழுத்துங்கள், முன்மின்னல் அப்போதே அடித்து அளவு பூட்டப்படும். அப்புறம் சட்டகத்தை மாற்றி எடுக்கலாம். வெள்ளைத் துணி, கறுப்புத் துணி இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்து எடுத்துப் பாருங்கள், கேமரா எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணி அளப்பதால் இரண்டும் சாம்பல் நிறத்தை நோக்கி நகரும். வெள்ளைக்குப் பிளாஷ் காம்பன்சேஷனை (பிளாஷ் அளவை நாமே திருத்தும் அமைப்பை) கூட்டவும் கறுப்புக்குக் குறைக்கவும் கை தானாகப் போகும்வரை செய்யுங்கள்.