உலகப் போர் ஜீப்பும் கால் டன் டிரெய்லரும்: பெயின்ட் கடைசியில்தான்

இரண்டாம் உலகப் போர் ஜீப்பான வில்லிஸ் எம்பியோ, அதே வண்டியை ஃபோர்டு செய்த ஜிபிடபிள்யூவோ கைக்கு வந்ததும் பலர் முதலில் கேட்பது, ஆலிவ் பச்சையில் எந்த ஷேடு அடிப்பது என்றுதான். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டி இது. எண்பது வருடத்தில் ஒரு சேசிஸில் வேறொரு வண்டியின் எஞ்சின் ஏறியிருக்கும், மூன்றாவது வண்டியின் டப் (தொட்டி போன்ற மேலுடல்) உட்கார்ந்திருக்கும். நம்மிடம் இருப்பது எது என்று முதலில் தெரிய வேண்டும். கிரில்லுக்குக் கீழே குனிந்து சேசிஸின் முன் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ், தலைகீழ்ப் பெட்டி மாதிரி இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட் தலைகளிலும் பிராக்கெட்டுகளிலும் 'எஃப்' என்ற எழுத்தைக் குத்தியிருக்கும்.

அடுத்து துரு. டப்பின் தரைக்கு அடியில் தொப்பி வடிவத் தகட்டுச் சட்டங்கள் ஓடுகின்றன. விறைப்புக்காக அவற்றுக்குள் மரக்கட்டை வைத்து மூடியிருந்தார்கள். மரம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தகடு உள்ளிருந்தே அரிக்கும். மேலே பார்த்தால் தரை நன்றாகத்தான் தெரியும். அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். 'ணங்' என்பது 'தொப்' என்று மாறும் இடத்தில் கூரான முனையை வைத்து அழுத்தினால் உள்ளே போய்விடும். மேலே பேட்ச் அடித்து மூடுவது வீண் வேலை. சட்டத்தையே வெட்டி எடுத்துப் புதிது வைக்க வேண்டும். ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க் உட்காரும் குழியும் இதே கதைதான். அதன் வடிகால் ஓட்டையைச் சேறு அடைத்திருக்கும். வெல்டிங் செய்யும்போது டப் சேசிஸில் போல்ட் போட்டு நிற்கட்டும். தனியாக ஸ்டாண்டில் வைத்து ஒட்டினால் திரும்ப ஏற்றும்போது ஓட்டைகள் ஒன்றும் சேராது.

சக்கரம் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. இடப்பக்கச் சக்கரங்களின் ஸ்டட்டுகள் இடது மரை. வழக்கமான திசையில் திருகினால் கழலாது, இன்னும் இறுகும். நீளக் குழாய் மாட்டி ஏறி மிதித்தால் ஸ்டட் 'டக்' என்று ஒடியும். வண்டி பல கை மாறியிருந்தால் சிலர் வலது மரை ஹப்பையே மாட்டியிருப்பார்கள். அதனால் நட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே ஸ்பேனரை வையுங்கள். டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

கியர்பாக்ஸில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். டி-84 என்ற கியர்பாக்ஸும், முன் பின் அச்சுகளுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அடுத்தடுத்து ஒட்டி நிற்கின்றன, ஆயில் தண்டின் வழியே பின்னால் நகரும். முன்பெட்டி காய்கிறது, பின்பெட்டி வழிகிறது. வழிந்த ஆயில் எங்கே போகும்? ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்திலேயே இருக்கிறது, லைனிங் நனைந்துவிடும். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று கேபிளை முறுக்குகிறவர் முதலில் ஆயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸுக்கு முக்கால் குவார்ட், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒன்றரை, டிஃபரன்ஷியல் ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால். அமெரிக்க குவார்ட் என்பது 0.95 லிட்டர். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-5 தர கியர் ஆயில் வேண்டாம். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெண்கல சிங்க்ரோ வளையங்களை (கியர் உரசாமல் விழ உதவுபவை) அரிக்கக்கூடும்.

எஞ்சின் எளிது: நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன், பற்றவைப்பு வரிசை 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கான்டாக்ட் பாயின்ட்டின் இடைவெளி 0.020 அங்குலம், ஸ்பார்க் பிளக் 0.030. ஆயில் பம்பை மட்டும் யோசிக்காமல் கழற்றக் கூடாது. பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது அந்தப் பம்பின் தண்டுதான். திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால் டைமிங் கெட்டுவிடும், நீங்கள் கார்புரேட்டரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

மின்சாரம் 6 வோல்ட். அதே வேலைக்கு 12 வோல்ட் வண்டியைவிட இரு மடங்கு கரண்ட் ஓடும், எனவே கடையில் கிடைக்கும் சாதாரண கார் பேட்டரி கேபிள் போதாது. 1/0 கேஜ் தடிமன் கேபிள் போடுங்கள். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் நிற்பதால் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே எர்த் பட்டை வேண்டும், அது தொடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள். ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றுகிறது என்று 12 வோல்ட்டுக்கு மாற்றியவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி டிரெய்லர். பேன்டம் செய்தது டி-3, வில்லிஸ் செய்தது எம்பிடி. இரண்டும் கால் டன் சுமை ஏற்றுபவை. வெறும் எடை சுமார் 250 கிலோ, சக்கரம் ஜீப்பினுடையதே, 6.00-16. தண்ணீரில் மிதக்கும்படி தொட்டியாகக் கட்டியது. அந்தக் குணமே வெயிலிலும் மழையிலும் நிற்கும்போது வினை. தரையிலுள்ள இரண்டு வடிகால் அடைப்பான்களும் மூடியிருந்தால் ஒரே மழையில் குளம். நிறுத்தி வைக்கும்போது இரண்டையும் திறந்து, மூக்கைச் சற்று உயர்த்தி விடுங்கள். அடைப்பான் ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்தால் புதிது வெட்டிப் போடுங்கள்.

டிரெய்லரின் பிரேக் நிறுத்தி வைக்க மட்டும்தான், ஓட்டத்தில் வேலை செய்யாது. ஏற்றிய டிரெய்லரின் அரை டன்னையும் சேர்த்து நிறுத்த வேண்டியது ஜீப்பின் 9 அங்குல டிரம்கள். ஜீப்பே சுமார் 1,100 கிலோதான். எனவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, பாதி இறக்கத்தில் தேடினால் கிடைக்காது. சுமையை அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். பின்னால் போனால் டிரெய்லர் வாலாட்டும். டிரெய்லரின் கொக்கி வளையம் உட்புறம் தேய்ந்து ஒரு பக்கம் மெலிந்திருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஜீப்பின் பின்டில் கொக்கியின் (வாய் மூடிப் பூட்டும் இழுவைக் கொக்கி) பூட்டில் முளையைச் செருகி, இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளையும் வளையத்துக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். தார் ரோட்டில் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட வேண்டாம். அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கி, லீவர் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் சில அடி பின்னோக்கி ஓட்டுங்கள், தானாகத் தளரும்.